டெல்லி கணேஷை ஐயர் வேடத்துக்குள் அடைத்துவிட்டோமா?

நாடகப்பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 அன்று எண்பது வயதில் காலமானார். அன்றிலிருந்து அவர் பேச்சு வந்தாலே ‘மைக்கேல் மதன காமராஜன்’ துணுக்குகளைத்தான் பகிர்கிறார்கள். சாம்பாரில் மீன் விழுந்த காட்சி, மணி ஐயரின் முழி, அதோடு முடிந்தது. எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் நானூறு படங்களுக்கு மேல் நடித்த ஒருவரைப் பற்றி நமக்குச் சொல்ல இவ்வளவுதானா?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 1979இல் துரை இயக்கிய ‘பசி’யில் அவர் முனியாண்டி. சைக்கிள் ரிக்‌ஷா இழுப்பவர், குடிசைவாசி, ஷோபாவின் அப்பா. அந்தப் படத்துக்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் வாங்கினார். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்பை எங்கே தளர்த்துவது, குரலை எங்கே கரகரப்பாக்குவது என்பதெல்லாம் அவருக்கு அப்போதே கைவந்திருந்தது. அதற்குப் பிறகு தமிழ் சினிமா என்ன செய்தது? பூணூலை மாட்டி, ‘ஐயர்’ என்று ஒரு பெயரைக் கொடுத்து உட்கார வைத்தது. ‘நாயகன்’ படத்தில் ஐயர், ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் மணி ஐயர், ‘அவ்வை சண்முகி’யில் சேதுராம ஐயர். நல்லவேளை, நடுநடுவே வேறு சிலவும் கிடைத்தன. ஆனாலும் முனியாண்டி மாதிரி இன்னொன்று வந்ததா? இதுதான் என் ஆதங்கம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கச்சேரி ரோடு

மறுக்கிறேன் சார்.

நீங்கள் சொன்ன மூன்று ஐயர்களையும் ஒரே தட்டில் வைப்பதே தப்பு. ‘நாயகன்’ ஐயர் ஒரு தாதாவின் கூடாரத்தில் இருக்கும் ஆள். பம்பாயில் பிழைக்கத் தெரிந்தவர், பக்கத்தில் ரத்தம் சிந்தினாலும் வேலையைப் பார்ப்பவர். மணி ஐயர் கரண்டி பிடித்துக் காய்த்துப்போன கைக்காரர், எதற்கும் பதறுபவர். சேதுராம ஐயர் பணக்கார வீட்டுச் செயலாளர். முதலாளியிடம் பணிவு, மற்றவர்களிடம் அலட்டல், வாய் ஓயாத ரகம். மூவரையும் ஒரு அறையில் உட்கார வைத்தால் ஒருவரோடு ஒருவர் பேசவே மாட்டார்கள். ‘ஐயர்’ என்பது வெறும் குடும்ப அடையாளம். அதற்குள் மூன்று தொழில், மூன்று ஊர், மூன்று வகையான பயம்.

ஒரே நடிகர் மூன்று படத்தில் போலீஸாக வந்தால் இப்படிக் கேட்போமா?

ஒலவக்கோடு

இந்த இழையில் பாலக்காட்டுக்காரன் ஒருவன் வாயைத் திறக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

பாலக்காட்டுத் தமிழைச் சினிமாவில் பேசுபவர்கள் வழக்கமாகச் செய்வது, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் பிடித்து இழுப்பது. ரெண்டு ‘ஆக்கும்’ சேர்த்துவிட்டால் போதும், கேரளா ஐயர் ரெடி. ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் கமல் காமேஸ்வரனுக்கு அந்த இழுப்பை நன்றாக ஏற்றிக்கொண்டார். நாயகனுக்கு அது வேண்டும், நாலு வேடத்துக்கும் வித்தியாசம் காட்டியாக வேண்டுமே. அப்பாவாக வரும் டெல்லி கணேஷ் அதே இழுப்பை அரைவாசியாகக் குறைத்துக்கொண்டார். பையனுக்கு ராகம் அதிகம், அப்பாவுக்கு அலுப்பு அதிகம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். வேலை நேரத்தில் ராகம் போட யாருக்கு மூச்சிருக்கிறது?

இன்னொன்று. கிரேசி மோகன் வசனத்தில் ஒரு சொல்லை விழுங்கினால் அடுத்த நகைச்சுவை செத்துப்போகும். அந்த வேகத்தில் வட்டாரப் பேச்சையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் பாலக்காட்டில் பிறந்தவர் என்றே எங்கள் தெருவில் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தாமிரபரணி

அவர் எங்கள் ஊர்ப் பக்கம் ஐயா! வல்லநாடு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில், வெளிமான் சரணாலயம் இருக்கிறதே, அந்த வல்லநாடு. 1944 ஆகஸ்ட் 1 பிறப்பு. பெயரில் டெல்லி, படத்தில் பாலக்காடு, பிறப்பு தாமிரபரணிக் கரை. எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு குறையும் பெருமையும் சேர்ந்தே உண்டு.

தெரியாதவர்களுக்காக வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை. அறுபத்தைந்து, எழுபத்தொன்று, ரெண்டு போர்க் காலத்திலும் சீருடையில் இருந்தவர். டெல்லியில் இருக்கும்போது தட்சிண பாரத நாடக சபாவில் மேடையேறினார். படையை விட்டு வந்த பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ் குழு. அங்கே விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகம். அதைக் கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது, 1977இல், இவரும் சினிமாவுக்கு வந்தார். ‘டெல்லி’ என்ற அடைமொழியைக் கொடுத்ததும் பாலசந்தர்தான்.

அந்தக் காலத்து மேடைக்காரர்களின் பெயரே தனி சுவாரசியம். ஒரு நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்ததால் சீனிவாசன் ஆயுசுக்கும் ‘தேங்காய்’ ஆனார். டைப்பிஸ்ட் கோபு, காத்தாடி, வெண்ணிற ஆடை மூர்த்தி என்று பெயரே ஒரு பயோடேட்டா. கணேஷுக்கு மட்டும் பாத்திரமோ படமோ ஒட்டாமல் வேலை பார்த்த ஊர் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் எந்த வேடமும் பெயரோடு சண்டை போடாமல் பொருந்தியது என்று நான் நினைப்பதுண்டு.

இறந்தபோது விமானப்படை சார்பில் வந்து மரியாதை செய்தார்கள். சினிமாவில் நாற்பது வருடங்களுக்கு மேல் இருந்தவருக்கு, பத்து வருடம் வேலை பார்த்த இடம் செய்த மரியாதை அது.

ஒன்ஸ்மோர்

டில்லி குமார் என்ற நடிகர் வேறு, டெல்லி கணேஷ் வேறு என்பதையும் யாராவது இங்கே எழுதி வையுங்கள். டிவி தொடர் குழுக்களில் வாரம் ஒருமுறை இந்தச் சண்டை நடக்கிறது.

நாடகப்பித்தன்

கச்சேரி ரோடு, ஒலவக்கோடு, ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம். வல்லநாட்டில் பிறந்து, பாலக்காட்டுக்காரர்களையே ஏமாற்றும் அளவுக்குப் பேசி, சென்னைக் குடிசைப் பேச்சில் ‘பசி’யைத் தாங்கிய ஒருவருக்கு இன்னும் எத்தனை தமிழ் கொடுத்திருக்கலாம்! அவருடைய சொந்த நெல்லைத் தமிழில் ஒரு முழு நீள வேடம் எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

வயதையும் பாருங்கள். ‘பசி’ வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து. ஷோபாவுக்குப் பதினேழு. அன்று தொடங்கிய அப்பா வேடம் விடவே இல்லை. கமலைவிட அவர் பத்து வயதுதான் மூத்தவர், ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் கமலுக்கும் அப்பா. ‘சிந்து பைரவி’ சிவகுமார் 1941இல் பிறந்தவர், அதாவது இவரைவிட மூன்று வயது பெரியவர். அந்தப் படத்தில் இவர் அவருக்குக் கட்டுப்பட்ட பக்கவாத்தியக்காரர். நாற்பது வயதைக்கூடத் தாண்டாமல் தலை நரைத்துவிட்ட வாழ்க்கை இது.

ரீல்பெட்டி

பித்தன் சார், கொஞ்சம் தொழில் பேசலாமா? நான் விநியோகத் தரப்பில் வேலை பார்த்தவன். சினிமாவை ஆதங்கத்தால் மட்டும் பார்க்க முடியாது.

ஒரு படத்தில் கதாநாயகனுக்கு எத்தனை மாதம் கால்ஷீட் என்று முதலிலேயே பேசிவிடுவார்கள். அப்பா, மாமா, மேனேஜர், டாக்டர் என்று வருபவர்களுக்கு நாள் கணக்கு. அஞ்சு நாளில் வேலை முடிய வேண்டும். இயக்குநருக்கு அந்த அஞ்சு நாளில் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. ஏற்கெனவே எதைச் செய்து நிரூபித்தாரோ அதையே கேட்பார்கள். அப்படித்தான் முத்திரை விழுகிறது, யாரும் சதி செய்து அடைப்பதில்லை. அதே முத்திரைதான் அடுத்த வேலையையும் கொண்டுவருகிறது. நானூறு படம் வேறு எப்படி வரும்?

நாயகனாகவும் முயன்று பார்த்தவர்தான். 1981இல் ‘எங்கம்மா மகாராணி’. அது நிற்கவில்லை. அதே வருடம் வந்த ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தார். மனைவி இருப்பதை மறைத்து இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குக் கூட்டிப்போகும் கொடுமைக்காரன் வேடம் அது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், மணி ஐயரின் சாயலே இருக்காது. முகத்தைக் காட்டாமல் வில்லனாக இருந்திருக்கிறார்!

முகத்தைக் காட்டியும் வில்லனாக இருந்திருக்கிறார். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) பிரான்சிஸ் அன்பரசு. நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், இவர் என்று நாலு வில்லன்கள். குள்ளனாக வரும் கமலின் அப்பு முதலில் பழிவாங்குவது இவரைத்தான். ஒன்று உருண்டு இன்னொன்றைத் தட்ட, அது வேறொன்றை இழுக்க என்று ஒரு விளையாட்டுப் பொறி ஓடுமே, அந்தக் காட்சி. என்ன நடக்கப்போகிறது என்பதை நமக்குச் சொல்வது அந்தப் பொறி அல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இவர் முகம். ஆர்வமாகத் தொடங்கிப் பீதியில் முடியும்.

ஆக, கமல் அவரை ஐயராக மட்டும் பார்க்கவில்லை. வில்லனாக, அப்பாவாக, செயலாளராக, ‘தெனாலி’யில் பொறாமையில் வேகும் டாக்டர் பஞ்சபூதமாக என்று மாற்றிக்கொண்டே இருந்தார். குற்றப் பட்டியல் போட்டால் அவர் பெயரைக் கழித்துவிடுங்கள்.

கச்சேரி ரோடு

ரீல்பெட்டி அண்ணன் அந்த முகத்தைப் பற்றிச் சொன்னாரே, நான் சொல்ல வந்ததும் அதுதான்.

டெல்லி கணேஷின் பலம் வசனத்தில் இல்லை, அடுத்தவர் பேசும்போது கேட்பதில் இருக்கிறது. சுவரில் எறிந்த பந்து மாதிரி, கதாநாயகன் எறிவது எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் திரும்பி வரும். கொஞ்சம் கூடினாலும் நாயகனின் காட்சியைத் திருடியதாக ஆகிவிடும், குறைந்தால் காட்சி படுத்துவிடும். இது சபா மேடையில் கற்றது. க்ளோஸப் கிடையாது, பின்னணி இசை கிடையாது. எதிரே நிற்பவர் சொன்னது சிரிப்பா அழுகையா என்று கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டுமென்றால், கேட்டுக்கொண்டிருப்பவரும் நடிக்க வேண்டும்.

‘சிந்து பைரவி’யை (1985) எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. கச்சேரிக்கு முன்னால் குடித்துவிட்டு வருகிறார். பாகவதராக வரும் ஜே.கே.பி. (சிவகுமார்) கண்டுபிடித்து, மிருதங்கமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் பாடப் போகிறார். அந்தக் காட்சி எதற்கு? பின்னால் அதே பாகவதர் குடியில் விழப்போகிறார். அந்த விழுகை நமக்கு வலிக்க வேண்டுமென்றால், முதலில் விழுந்தவரின் அவமானம் நம் மனதில் தங்கியிருக்க வேண்டும். குருமூர்த்தி வேடத்தை வேறொருவர் வெறும் குடிகாரச் சேட்டையாகச் செய்திருந்தால் கதையின் பாதி எடை போயிருக்கும். அவர் குற்றவாளி மாதிரியும் நிற்கிறார், கலைஞன் மாதிரியும் நிற்கிறார். வாசிக்கத் தெரிந்த கை சும்மா இருக்கிறதே என்று நமக்கே தோன்றும்.

இதை யாரும் துணுக்கு போட்டுப் பகிர மாட்டார்கள். சிரிப்பு இல்லையே.

முதல்வரிசை

அண்ணன்களே, நான் தொண்ணூறுகளின் கடைசியில் பிறந்தவன். ‘பசி’ இன்னும் பார்க்கவில்லை. என் வயதுக்காரர்களுக்கு டெல்லி கணேஷ் என்றால் ரெண்டு இடம். ஒன்று, வீட்டில் பாட்டி பார்க்கும் தொடர்கள். இன்னொன்று யூடியூப். கல்லூரி முடித்த பசங்க எடுத்த குறும்படத்தில் திடீரென்று இவர் வந்து உட்கார்ந்திருப்பார். சுற்றி இருக்கும் எல்லோரும் நண்பர்கள், நடிப்பு அப்படி இப்படி இருக்கும். இவர் வந்ததும் அது சினிமா ஆகிவிடும். இவ்வளவு பெரிய ஆள் ஏன் இதற்கெல்லாம் வருகிறார் என்று அப்போது புரியவில்லை.

அப்புறம் 2021இல் ‘நவரசா’ என்ற குறும்படத் தொகுப்பு நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் வஸந்த் எஸ். சாய் எடுத்த ‘பாயசம்’. தி. ஜானகிராமன் கதை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சாமநாது என்ற கிழவர், அண்ணன் மகன் வீட்டுக் கல்யாணம். அவன் நன்றாக இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே வெந்துகொண்டே இருக்கிறார். தன் வீட்டில் விதவை மகள். செத்துப்போன மனைவி (ரோகிணி) பக்கத்தில் வந்து பேசிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அத்தனை பேருக்கான பாயசத்தையும் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்துவிட்டது என்று பொய் சொல்கிறார்.

அந்தக் கிழவரை எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரையும் விசாரிக்கிறார், வாழ்த்துகிறார், சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு முழுக்கப் பொறாமை. வில்லன் முகம் என்று ஒன்று வைத்துக்கொள்ளாமல் ஒரு மனுஷன் இவ்வளவு கெட்டவனாக இருக்க முடியுமா? மகளாக வரும் அதிதி பாலன் பார்க்கும் பார்வைக்கு இவர் தரும் முகம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்குத் தமிழ் போதவில்லை.

நாடகப்பித்தன்

தம்பி, சரியான இடத்துக்குக் கொண்டுவந்தீர்கள்.

சாமநாதுவும் பிராமணர்தான், பூணூல்தான், குடுமிதான். அதனால் என் வாதம் போய்விட்டது என்று கச்சேரி ரோடு சொல்லப்போகிறார். இல்லை. 1977இல் வந்தவரை மையத்தில் உட்கார வைத்து, காமெடிக்காக இல்லாமல், அப்பா என்ற துணைப்பொருளாக இல்லாமல், ஒரு மனிதனின் அழுக்கு மனசை முழுசாகக் காட்ட 2021 வரை ஆகியிருக்கிறது. நாற்பத்து நாலு வருடம்! அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. அதுவும் அரைமணி நேரப் படம், திரையரங்கில் ஓடாத படம். வஸந்த் பாலசந்தரின் உதவியாளராக இருந்தவர் என்பதால் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரருக்காவது நினைவு வந்தது.

ரீல்பெட்டி சொன்ன நாள் கணக்கு எனக்கும் புரிகிறது. அப்பா வேடங்களைக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து அப்பாவுக்கு ஒரு சாமநாது கிடைத்திருக்கலாமே என்கிறேன். பக்கத்தில் மலையாளத்தில் திலகன், நெடுமுடி வேணு, ஒடுவில் உண்ணிகிருஷ்ணன் எல்லோரும் துணை நடிகர்கள்தான். அவர்களைச் சுற்றிப் படத்தைக் கட்டுவதற்கு அங்கே கதை இருந்தது. நமக்கு நாயகனின் அப்பா தேவைப்பட்டார்; அப்பாவின் கதை தேவைப்படவில்லை.

தாமிரபரணி

விருதுப் பேச்சு வரும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ‘பசி’க்காக ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. படத்துக்கும் சிறந்த தமிழ்ப்படம் என்ற தேசிய விருது. அந்தப் பிள்ளை 1980 மே மாதமே போய்ச் சேர்ந்துவிட்டது, அது வேறு சோகம். கணேஷுக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணை நடிகருக்கான தேசிய விருது என்ற பிரிவே அப்போது கிடையாது. 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதாவது அவருடைய மிகச் சிறந்த வேடம், அதற்கான பரிசு பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

மாநில அரசு சிறப்புப் பரிசு கொடுத்தது, பிறகு கலைமாமணி கொடுத்தது. ‘சிந்து பைரவி’ சமயத்தில் அந்தத் தேசியப் பிரிவு இருந்தது. அப்போது என்ன செய்தார்கள் என்று கேட்டால் என்னிடம் கோபம்தான் இருக்கிறது, பதில் இல்லை.

ஒன்ஸ்மோர்

எல்லோரும் சினிமாவையே பேசுகிறீர்கள். சின்னத்திரையைத் தம்பி ஒரு வரியில் தாண்டிவிட்டார்.

தொடர்களில் ஒரு நாளைக்கு எத்தனை காட்சி எடுக்கிறார்கள் தெரியுமா? வசனத் தாள் அன்று காலையில்தான் கைக்கு வரும், பல நேரம் மதியம்தான் வரும். பக்கத்திலிருந்து ஒருவர் வசனத்தைச் சொல்லச் சொல்ல வாங்கிப் பேசுபவர்கள் ஏராளம். மேடையிலிருந்து வந்தவர்களுக்கு அது வேண்டாம். ஒருமுறை படித்தால் ஏறிவிடும், ஒரே டேக்கில் முடியும். அதனால்தான் டிவிக்காரர்களுக்கு அவர்கள் மேல் அத்தனை ஆசை. தொடரின் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கும் நினைவிருக்காது, இவர் முகம் மட்டும் நினைவிருக்கும். பாட்டிகளுக்கு அவர் கமல் படத்து நடிகர் இல்லை, வீட்டுக்கு வந்துபோகிற மனுஷன்.

குறும்படத்துக்கு ஏன் போனார் என்று தம்பி கேட்டதற்கும் இதுதான் பதில். நாடகக்காரனுக்கு நாளைக்கு வேடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேமரா பெரிசா சின்னதா என்று பார்க்க மாட்டான்.

ரீல்பெட்டி

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016இல் மகன் மகாவை நாயகனாக வைத்து ‘என்னுள் ஆயிரம்’ என்று சொந்தப் படம் எடுத்தார். நடிகர்கள் படம் எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவர், எழுபதைத் தாண்டிய வயதில் தயாரிப்பில் இறங்குகிறார். படம் பெரிதாகப் போகவில்லை. மறுபடியும் நாள் கணக்கு வேடங்களுக்குத் திரும்பினார், அலுப்பைக் காட்டாமல்.

பித்தன் சாரின் மலையாள ஒப்பீடு நியாயம்தான். ஆனால் திலகனுக்கு எழுத லோகிததாஸ் இருந்தார். இங்கே எழுபதுகளின் கடைசியில் அந்த மாதிரி எழுதிய துரை, மகேந்திரன் வகையறா எண்பதுகளின் நடுவிலேயே ஒதுங்கிப் போனார்கள். வேடம் எழுதுபவன் போனால் நடிகன் என்ன செய்வான்?

கச்சேரி ரோடு

இதில் ரீல்பெட்டி அண்ணனோடு நான் ஒத்துப்போகிறேன். பித்தன் சாரோடு இன்னும் இல்லை. மணி ஐயரைச் சாமநாதுவுக்குக் கீழே வைக்க நான் தயாராக இல்லை. அழ வைப்பவனுக்குத் தரும் மரியாதையைச் சிரிக்க வைப்பவனுக்குத் தராத பழக்கம் நம் விமர்சகர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. நாகேஷுக்கு அதைத்தான் செய்தோம்.

நாடகப்பித்தன்

நாகேஷை இழுத்தால் இந்த இழை விடியும் வரை போகும். ஸ்டேஜ் கிரியேஷன்ஸ், விசு, காத்தாடி ராமமூர்த்தி பற்றித் தாமிரபரணி தனியாக ஒன்று தொடங்கட்டும், அங்கே வருகிறேன். முதல்வரிசை தம்பி, நீங்கள் முதலில் ‘பசி’யைப் பார்த்துவிட்டு வாருங்கள். முனியாண்டியா சாமநாதுவா என்று நீங்களே இங்கே எழுதுங்கள். கச்சேரி ரோட்டின் பேச்சைக் கேட்டு மணி ஐயருக்கு ஓட்டுப் போடக் கூடாது.